மூன்றாவது ஓலையும் இரண்டாவது கன்ட்ரோலரும்

சாமுவேல்: டேய் ரெமி, என் வெள்ளைச் சட்டையைத் தேடிக்கிட்டு இந்தப் பெட்டியைத் திறந்தா... இது என்னடா? மோனிகாவோட சீர்ச் சாமானுக்கு நடுவுல உன் கேம் கன்சோல்!

ரெமிஜியஸ்: கண்ணுல பட்டுருச்சா... மூடு, மூடு. அது பொண்ணுக்கு அண்ணன் செய்யற முறை. மாப்பிள்ளை கேள்வி கேக்கக் கூடாது.

சாமுவேல்: உன் தங்கச்சியைக் கட்டிக்கறேன்னு சொன்ன அன்னிக்கே சொல்லிட்டேன். பீரோ வேணாம், கட்டில் வேணாம்...

ரெமிஜியஸ்: ரெண்டும் வேணாம்னே. கன்சோல் வேணாம்னு எப்ப சொன்னே?

சாமுவேல்: மச்சான், புது வீட்டு ஹால்ல ஒரே ஒரு மேஜைக்குத்தான் இடம். அதுல என் கம்ப்யூட்டர் வரப்போகுது.

ரெமிஜியஸ்: அப்ப டிவி?

சாமுவேல்: டிவி வாங்கவே போறதில்ல.

ரெமிஜியஸ்: டிவி இல்லாத வீட்டுக்கா என் தங்கச்சியை அனுப்பறேன்!

சாமுவேல்: கம்ப்யூட்டர்லயே படம் பாக்கலாம், பாட்டு கேக்கலாம், லெட்டர் அடிக்கலாம். உன் டப்பாவுல என்ன முடியும்?

ரெமிஜியஸ்: கேம் ஆடலாம். அதுக்குத்தானே வாங்கினேன்?

சாமுவேல்: எங்க ஆடறது? தலைகீழாக் கவுத்து வச்சாத்தான் ஓடுது. கீறல் விழுந்த சிடிக்கு டூத்பேஸ்ட் வேற. நீ பல்லு விளக்கறியோ இல்லையோ, அதுக்கு தினமும் விளக்கி விடறே.

ரெமிஜியஸ்: விளக்கினா ஓடுதில்ல? உன் பெட்டியைப் பாரு. போன மாசம் மட்டும் மூணு தடவை ஃபார்மட். மூடியைக் கழட்டிப் போட்டு, டேபிள் ஃபேனை அது பக்கம் திருப்பி... நான் வேர்த்துக் கொட்டிக்கிட்டு பாயில கிடக்கறேன்!

சாமுவேல்: புது கிராஃபிக்ஸ் கார்டுடா. சூடாகும்.

ரெமிஜியஸ்: நானும்தான் சூடாவேன்.

சாமுவேல்: ஆனா படம் எப்படி இருக்கு! புல்லு தனித்தனியாத் தெரியும். உன்னுதுல ஆளுங்க மூஞ்சியே செங்கல் மாதிரி சதுரமா...

ரெமிஜியஸ்: சட்டை கலர் தெரிஞ்சா போதும். நான் கோல் போட உக்காந்தேன், பொண்ணு பாக்க வரல. அது சரி, கீபோர்டைத் தட்டறதெல்லாம் ஒரு ஆட்டமா? தாலுக்கா ஆபீஸ் டைப்பிஸ்ட் மாதிரி லொட்டு லொட்டுன்னு...

சாமுவேல்: வைட்ஃபீல்ட் ஆபீஸ்ல சனிக்கிழமை மதியம் வந்து பாரு. எட்டு பேர் ஒண்ணா ஆடறோம்.

ரெமிஜியஸ்: எட்டு பேரும் எட்டு மூலையில, காதுல ஹெட்ஃபோன். செத்தவன் யாருன்னு திரும்பிப் பாக்கக்கூட மாட்டீங்க. இங்க ஒரே பாய், ரெண்டு பேர். முழங்கையால இடிக்கலாம், தோத்தவன் தலையில கொட்டலாம்...

சாமுவேல்: இந்த ரூமுக்கு வந்த மூணு வருஷமா கொட்டிக்கிட்டுத்தானே இருக்கே.

ரெமிஜியஸ்: பெட்டியை இந்தப் பக்கம் தள்ளு. பூட்டணும்.

சாமுவேல்: என்னடா, திடீர்னு மூஞ்சி சுருங்கிப்போச்சு?

ரெமிஜியஸ்: ஒண்ணுமில்ல.

சாமுவேல்: சரி, கெளம்பு. ஏழே முக்கால் ஆச்சு. ஈஜிபுராலேருந்து ப்ரேசர் டவுன் போய்ச் சேரணும். எட்டரைப் பூசை.

ரெமிஜியஸ்: நான் வரல. நீ போ.

சாமுவேல்: இன்னிக்கு மூணாவது ஓலைடா! பூசையில எங்க கல்யாண அறிவிப்பை வாசிக்கற கடைசி வாரம். பொண்ணோட அண்ணன் இல்லாம எப்படி?

ரெமிஜியஸ்: வந்தா வாயைத் திறப்பேன், பரவாயில்லையா? ‘இவங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கறதுக்குத் தடை தெரிஞ்சவங்க சொல்லணும்’னு ஃபாதர் கேப்பாரு. எழுந்து நிப்பேன்.

சாமுவேல்: நின்னு?

ரெமிஜியஸ்: ‘ஃபாதர், மாப்பிள்ளை டிவி வாங்க மாட்டேங்கறாரு.’

சாமுவேல்: விளையாடாதே மச்சான், என் கல்யாணம்டா! போன வாரமே ரெண்டாவது ஓலை வாசிச்சு முடிச்சதும் நீ இருமினே. கோயிலே திரும்பிப் பாத்துச்சு. உங்க சித்தி ஜெபமாலையைக் கீழ போட்டுட்டாங்க.

ரெமிஜியஸ்: நிஜமாவே தொண்டையில என்னமோ...

சாமுவேல்: மூணு தடவை! ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நிறுத்தி நிறுத்தி! ஃபாதர் கண்ணாடியைக் கழட்டிட்டு உன்னையே பாத்தாரு. எனக்கு அங்கயே உயிர் போயிருச்சு.

மோனிகா: உயிர் இன்னும் இருக்கில்ல? அப்ப ரெண்டு பேரும் லுங்கியை மாத்திட்டு வெளிய வாங்க.

சாமுவேல்: மோனிகா! நீ எப்படி இங்க...

மோனிகா: ஆட்டோ வாசல்ல நிக்குது. இந்த மாதிரி ஏதாவது நடக்கும்னு தெரிஞ்சு சித்திதான் அனுப்பினாங்க. அம்மா அப்பா கேஜிஎஃப் ரயில்ல வந்து இறங்கி நேரா கோயிலுக்கே போயிட்டாங்க.

ரெமிஜியஸ்: நீயே தீர்ப்பு சொல்லு மோனி. அந்த மேஜையில கம்ப்யூட்டரா, கன்சோலா?

மோனிகா: சோறு. மேஜையில சோறு வைப்பாங்க.

சாமுவேல்: உங்கண்ணன் கோயிலுக்கு வர மாட்டானாம். வந்தா தடை சொல்வானாம்.

மோனிகா: அண்ணா... இங்க பாரு. என்னைப் பாரு. நேத்து போன்லயும் சரியாப் பேசல. என்ன ஆச்சு?

ரெமிஜியஸ்: ஒண்ணுமில்லம்மா...

மோனிகா: இவரைப் பிடிக்கலையா?

ரெமிஜியஸ்: சேச்சே.

மோனிகா: அப்புறம்?

ரெமிஜியஸ்: இந்த ரூம்ல கேம் ஆட ரெண்டு கன்ட்ரோலர் இருக்கு. அடுத்த வாரத்துலேருந்து இன்னொண்ணை யாரு பிடிப்பா? அதான்... உங்க வீட்டுல வச்சுட்டா, வாரத்துக்கு ஒரு தடவை ஆட வந்தேன்னு சொல்லிக்கலாமில்ல.

சாமுவேல்: தங்கச்சி வீட்டுக்கு வர்றதுக்கு யாராவது சாக்கு தேடுவாங்களாடா?

ரெமிஜியஸ்: தங்கச்சியைப் பாக்க எதுக்குடா சாக்கு? உன்னைப் பாக்கத்தான்.

சாமுவேல்: இதை முன்னாடியே சொல்றதுக்கென்னடா!

மோனிகா: பாவம்ங்க.

சாமுவேல்: சரி. டிவி வாங்கறேன். மேஜையில டிவி, கன்சோல். என் கம்ப்யூட்டர் கட்டிலுக்குக் கீழ.

மோனிகா: கட்டில் வேணாம்னு சொன்னதே நீங்கதான்.

சாமுவேல்: எங்கயோ வைக்கறேன்! போதுமா மச்சான்? இப்ப சட்டையை மாட்டு. கோயில்ல இருமக் கூடாது, கனைக்கக் கூடாது, மூக்கைக்கூட உறிஞ்சக் கூடாது.

ரெமிஜியஸ்: ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வருவேன். மூணு மேட்ச். நீ பச்சைச் சட்டை டீம்.

சாமுவேல்: மச்சான்... ஓலை வாசிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். மனசுல வச்சுக்கிட்டுப் போனா பூசையில உக்கார முடியாது. எனக்கு அந்த ஃபுட்பால் கேம் பிடிக்கவே பிடிக்காது.

ரெமிஜியஸ்: என்னது? மூணு வருஷம் ஆடினியே!

சாமுவேல்: ஞாயித்துக்கிழமை மதியம் மோனிகா உங்க சித்தி வீட்டுலேருந்து உனக்கு சாப்பாடு எடுத்துட்டு வருவா. அந்த நேரத்துல நான் ரூம்லயே இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணாமா?

மோனிகா: அடப்பாவி மனுஷா! அதான் நான் உள்ள வந்ததும் உங்க கோல்கீப்பர் சும்மாவே நின்னுக்கிட்டிருந்தானா?

ரெமிஜியஸ்: தெரியும்டா. ரெண்டாவது வாரமே தெரியும். என்னைச் சும்மா பாக்க வந்த இவ செருப்பு சத்தம் வாசல்ல கேட்டதும் நீ பந்தை உன் கோலுக்குள்ளயே அடிச்சே... மெஸ்ல நல்லாத் தின்னுக்கிட்டு இருந்தவன் நான். அன்னிக்கு சாயங்காலமே சித்திக்கு போன் போட்டு, ‘வயிறு சரியில்ல, வாராவாரம் வீட்டுச் சாப்பாடு வேணும், மோனிகாகிட்டயே கொடுத்து அனுப்புங்க’ன்னேன். இவ்வளவு ஒழுங்காத் தோக்கற ஆளை வெளிய விடுவேனாடா? ஆட்டோவுல ஏறு!