ஒற்று மிகும் இடம்

2025ஆம் ஆண்டு மே மாதம் பத்தாம் நாள், சனிக்கிழமை. அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. காலை பத்து மணிக்கே வெயில் கண்களைக் கூசச் செய்தது. எனினும் வானம் மேகமின்றித் தெளிந்திருந்தது, காற்றும் மெதுவாகவே வீசியது. தாழப் பறக்கும் போர் விமானத்திற்கு இதைவிட உகந்த நாள் வாய்ப்பது அரிது. ஆரணியின்மேல் போர் விமானம் எதுவும் பறப்பதில்லை என்பது வேறு செய்தி.

காவல் ஆய்வாளர் அம்மா அவர்களே, “உங்க வார்த்தையிலயே எழுதிக் குடுங்க” என்று தாங்கள் கூறியபோது உள்ளபடியே மகிழ்ந்தேன். பிறர் எழுதியதன் அடியில் அடையாளம் இடுவது எனக்கு உவப்பானதன்று. நாற்பது வயதுவரை கைநாட்டு வைத்தவன் நான்.

என் பெயர் குமரேசன். வயது ஐம்பத்து மூன்று. ஆரணியில் நான்கு விசைத்தறிகளுக்கு உரிமையாளன். மனைவி ரேணுகாம்பாள் இரண்டாண்டுகளுக்கு முன் காலமானார். நாற்பத்தோராம் வயதில் உயிரெழுத்தில் தொடங்கிய நான், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்து, அஞ்சல்வழியில் தமிழில் இளங்கலைப் பட்டமும் பெற்றேன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் எனக்கு ஐயம் எழுவதில்லை. கைப்பேசியில் ஒருவரிச் செய்தி அனுப்பினாலும் புள்ளி வைத்த எழுத்தை உரிய இடத்தில் இட்ட பின்னரே அனுப்புவேன். ஒற்று என்னும் சொல்லுக்கு வேவு என்றும் பொருள் உண்டு. மாணவர்கள் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

படிக்கக் கற்றபின் நான் விரும்பித் தேடிப் படித்தவை போர் விமானங்களைப் பற்றிய செய்திகளே. என்னைப் போன்ற ஆர்வலர்கள் ஊரில் நாற்பது பேருக்குமேல் இருப்பது கண்டு ‘ஆரணி வான்படை நண்பர்கள்’ என்னும் வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினேன். ஞாயிறு மாலைகளில் எங்களுள் சிலர் கோட்டை மைதானத்தருகே உள்ள தேநீர்க் கடையில் கூடுவோம். அவை இனிய மாலைகள்.

அக்கூட்டத்தின் உயிர்நாடி குப்புராஜ். விசைத்தறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வயது முப்பத்தெட்டு. எப்போதும் சிரித்த முகம். வான்தாக்குதலில் குண்டு எவ்வாறு கூரையைத் துளைத்து உள்ளே சென்று வெடிக்கிறது என்பதை ஒருமுறை உருளைக்கிழங்கு பஜ்ஜியில் விரலை விட்டு விளக்கினார்.

“பாரு வாத்தியாரே, மேல ஓட்ட சின்னதுதான். உள்ளாற பூந்து அப்பறமாத்தான் வெடிக்கும். சேட்டிலைட்டுல இருந்து பாத்தா கூர அப்டியே கீற மாரித்தான் தெரியும்.”

“அந்த பஜ்ஜிய நீயே துன்னுடு” என்றார் தமிழ்ச்செல்வி. இவர் பட்டுச்சேலைக் கடையில் பில் போடுபவர். ராடார்களைப் பற்றி எங்களுள் யாவரினும் மிகுதியாக அறிந்தவர். “வேற யாரும் அத்தத் தொடமாட்டாங்க.”

குப்புராஜ் என்னை ‘வாத்தியாரே’ என்றுதான் அழைப்பார். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று நான் ஆராய்ந்ததில்லை.

நிற்க. அறுபதாண்டுகளுக்குமேல் பணியாற்றிய மிக்-21 விமானம் இவ்வாண்டு ஓய்வுபெற இருப்பதைத் தாங்கள் அறிந்திருக்கலாம். அதனை முன்னிட்டுச் சென்னையில் உள்ள ஆர்வலர் சங்கம் ஒன்று மலர் வெளியிடத் திட்டமிட்டு, என்னிடம் கட்டுரை கேட்டது. நான் மூன்று வாரம் உழைத்து எழுதினேன். அச்சில் என் பெயர் வருவது அதுவே முதன்முறையாக இருந்திருக்கும். என்னிடம் நூல் வாங்குவோர், விற்போர், தறி ஓட்டுவோர் அனைவரிடமும் கூறிவைத்திருந்தேன். ஏப்ரல் முதல் வாரத்தில் அக்கட்டுரையை ஓர் அழகிய படத்துடன் எங்கள் குழுவில் வெளியிட்டேன்.

சற்று நேரத்தில் குப்புராஜின் மறுமொழி வந்தது.

“வாத்தியாரே, கட்டுரை சூப்பரு. போட்டோல கீறது மட்டும் பாகிஸ்தான் பிளேனு. றெக்க ரெண்டு கோணத்துல மடிஞ்சிகினு கீது பாரு. சீனாக்காரன் செஞ்ச காப்பி அது. நம்ம மிக்குக்கு ஒரே நேர்கோடு.”

அதன்கீழ்த் தமிழ்ச்செல்வி, “எதிரிக்கு வணக்கம் வெச்சி அனுப்புன மொத ஆளு நம்ம அண்ணன்தாங்க” என்று எழுதினார். பின்னர்ச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. எவரோ அதனை வேலூர்க் குழுவிற்கு அனுப்ப, வேலூர் சென்னைக்கு அனுப்பிற்று. பத்து நாளில் சங்கத்திலிருந்து அழைத்தார்கள். மலரில் இடம் போதவில்லையாம். கட்டுரைக்கு மாற்றாகக் குப்புராஜ் எடுத்த விமானப் படங்களை வெளியிடப் போகிறார்களாம். மிகவும் பண்பாகப் பேசினார்கள்.

நான் சினம் கொள்ளவில்லை. ஞாயிறன்று வழக்கம்போல் தேநீர்க் கடைக்குச் சென்றேன். குப்புராஜ் என் தோளில் கைபோட்டார்.

“அத்த வுடு வாத்தியாரே. எங்க மச்சான் ஏர்ஃபோர்ஸ்ல பிளேனுக்கு ஸ்பேனர் புடிக்கறவன், அவனே ஜல்தில பாத்தா ஏமாந்துடுவான். மலருக்காரங்ககிட்ட நான் பேசறேன். என் போட்டோ ரெண்டு கம்மி பண்ணினு உன்னுத போடச் சொல்றேன்.”

அவர் எனக்காகப் பேசுவார். அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் என் பெயர் அச்சாகும். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் புதிய சிம் அட்டை ஒன்றைப் பெற்றேன். போளூரைச் சேர்ந்தவரும் வான்படைத் தேர்வுக்குப் படிப்பவருமான சூர்யகலா என்னும் இளம்பெண் அன்று பிறந்தார். வான்படையில் பணியாற்றும் ஒருவரின் உறவினர் எந்த அளவிற்கு நாவடக்கம் உடையவர் என்பதைச் சோதிப்பதே என் நோக்கம். ஒரு குழுவின் நிர்வாகிக்கு அக்கடமை உண்டு எனக் கருதினேன்.

“வணக்கம். தங்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன். விமானங்களைக் குறித்துக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்” என்று சூர்யகலா எழுதினார்.

“வாங்க வாங்க. வாத்தியாரம்மா மாரி எழுதறீங்களே. போளூர்ல இவ்ளோ சுத்தத் தமிழா?” என்று குப்புராஜ் எழுதினார்.

அவரது சொற்களில் குறும்பு இருந்தது. சில நாள் கழித்து, “ஒரு நாள் கோட்டை மைதானத்துக்கு வாங்களேன், டீ குடிக்கலாம். வழக்கமான கடதான்” என்றார். திருமணமான ஆடவர் ஓர் இளம்பெண்ணை இவ்வாறு அழைப்பது ஒழுக்கக் குறைவு எனக் கருதி, அதனை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமித்தேன். எனினும் மறைக்காமல் கூறுகிறேன்: அவ்வாரங்களில் மாலை நேரம் விரைந்து கழிந்தது. அவர் தமக்குத் தெரிந்த அனைத்தையும் பொறுமையாகக் கற்பித்தார். தறிக்கூடத்தில் நான் தனியே சிரித்ததைப் பணியாளர்கள் கண்டிருக்கின்றனர்.

மே ஏழாம் நாள் பாகிஸ்தானுடன் வான்தாக்குதல்கள் தொடங்கின. எங்கள் குழுவில் செய்திகள் மழையெனக் கொட்டின. படைகளின் நடமாட்டத்தைப் பற்றி எவரும் பகிரலாகாது என்னும் அரசின் அறிவுரையை நானே முதலில் வெளியிட்டேன். ஒன்பதாம் நாள் மாலை சூர்யகலா கேட்டார்: “தங்கள் மைத்துனர் எந்தத் தளத்தில் பணியாற்றுகிறார்? அங்கே எவ்வகை விமானங்கள் நிற்கின்றன?”

“எங்க மச்சான் எங்க கீறான்னு உங்களுக்குத் தெரியாதா இன்னா? போன ஞாயித்துக்கெழம தானே சொன்னேன்” என்று தொடங்கி, தளத்தின் பெயரையும் விமானத்தின் பெயரையும் குப்புராஜ் எழுதினார். அத்தளத்தின் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். இரகசியம் காப்பதில் நான் கண்டிப்பானவன்.

சென்ற ஞாயிறு அவர் அதனைக் கூறியது தேநீர்க் கடையில், என்னிடம். சூர்யகலாவிடம் கூறவில்லை. இந்நுட்பம் அப்போது எனக்குத் தட்டுப்படவில்லை.

பத்தாம் நாள் காலை, முதலில் நான் விவரித்த அந்தத் தெளிந்த வானத்தின்கீழ், குப்புராஜின் விடையில் முற்பகுதியை வெட்டி நீக்கினேன். எஞ்சியதில் தளத்தின் பெயரைக் கறுப்பு மையால் மறைத்து, அதனை ஊரின் பெரிய குழுக்கள் சிலவற்றில் புதிய எண்ணிலிருந்து வெளியிட்டேன். “நம் ஊரில் ஓர் ஒற்றன் இருக்கிறான். மோட்டார்க் கடை குப்புராஜ் எதிரி நாட்டுப் பெண்ணுக்கு நம் வான்படைத் தளத்தைக் காட்டிக்கொடுத்துள்ளான்” என்று எழுதினேன். எதிரிகள் நம் பெயர்களையே சூடிக்கொள்வர் என்னும் விளக்கத்தையும் சேர்த்தேன். சூர்யகலாவைப் போளூரிலிருந்து எல்லைக்கு அப்பால் குடியேற்ற ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

ஏன் காவல் நிலையத்திற்கு வரவில்லை என்று தாங்கள் கேட்டீர்கள். வந்திருந்தால் தாங்கள் சூர்யகலாவின் எண்ணைக் கேட்டிருப்பீர்கள்.

பிற்பகலில் குப்புராஜின் கடைமுன் கூட்டம் சேர்ந்தது. அறுபது பேர் இருக்கலாம். நானும் சென்றேன். அவர் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

“எவகிட்டடா காட்டிக்குடுத்த?” என்று ஓர் இளைஞன் அவரது சட்டையைப் பற்றினான். “இன்னா குடுத்தா உனுக்கு?”

“டேய், கைய எடுறா. அது வெளாட்டுடா, பேஜார் பண்ணாதீங்க.” அவர் கூட்டத்தில் என்னைக் கண்டுகொண்டார். “வாத்தியாரே, நல்ல நேரத்துல வந்த. நீயே சொல்லேன் இவங்களுக்கு. அது யாருன்னு நீயே சொல்லு.”

சிலர் என் பக்கம் திரும்பினர். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு முகங்கள் தெளிவாகத் தெரிவதில்லை. ஒரு சொல் போதும் என்பதை அறிந்திருந்தேன். அச்சொல் ‘நான்’ என்பது.

“வாத்தியாரே” என்று மறுபடியும் அழைத்தார். அதன்பின் அவரால் பேச இயலவில்லை.

கடையின் பாதி இறக்கிய ஷட்டரில் எவரோ சுண்ணக்கட்டியால் ‘தேச துரோகி’ என எழுதியிருந்தனர். இரு சொற்களுக்கும் இடையே ஒற்று இல்லை. ஊரார் பலர் பார்க்கும் இடம்; பள்ளிப் பிள்ளைகள் செல்லும் தெரு. கீழே கிடந்த சுண்ணக்கட்டியை எடுத்து, உரிய இடத்தில் ‘த்’ என்பதை இட்டேன். ஷட்டரின் வரிகளில் எழுதுவது கடினம். புள்ளியை இருமுறை வைக்க வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் மோட்டாரின் இரும்புத் தண்டு தரையில் விழும் ஓசை கேட்டது. நான் திரும்பியபோது கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. குப்புராஜின் மனைவி சுபத்ரா தெருமுனையிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தார். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

மறுநாள் சென்னைச் சங்கத்தார் அழைத்தனர். குப்புராஜின் படங்களை நீக்கிவிட்டதாகவும் என் கட்டுரைக்கு இடம் கிடைத்துவிட்டதாகவும் கூறினர். மெய்ப்புப் படியைத் தயைகூர்ந்து இக்காவல் நிலைய முகவரிக்கே அனுப்பச் செய்யுங்கள். பிழையோடு அச்சாகிவிடக் கூடாது.

என்னைக் காட்டிக்கொடுத்தவர் தமிழ்ச்செல்வி. பரப்பப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டையும் ஷட்டரில் நான் எழுதுவதை எவரோ எடுத்த வீடியோவையும் தங்கள்முன் வைத்து அவர் கூறியதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

“மேடம், எங்க ஊர்ல எல்லாரும் ‘வந்துகினு கீறேன்’னுதான் வாட்ஸ்அப்புல போடுவோம். எடத்துக்கு எடம் க்கு, ப்புன்னு புள்ளி வெச்சி எழுதற ஆளு ஒரே ஒருத்தர்தாங்க.”

குற்றச்சாட்டாயினும் அது ஒரு பாராட்டே. நன்றியுடன் ஏற்கிறேன்.

பின்னர்த் தாங்கள் குப்புராஜின் கைப்பேசியை என்முன் வைத்தீர்கள். சூர்யகலாவின் எண்ணை அவர் ‘நம்ம வாத்தியாரு லேடீஸ் வேசம்’ என்று சேமித்திருந்தார். சேமித்த நாள், முதற்செய்தி சென்ற அதே நாள். அவர் சுபத்ராவுக்கு அனுப்பியிருந்த குரற்செய்தியையும் ஒலிக்கச் செய்தீர்கள்.

“அந்த அக்கா பூட்டதுல இருந்து மனுசன் தனியா கீறாரு, சுபா. பொம்பள பேர்ல பேசிகினு கீறாரு, பேசட்டும் வுடு. கண்டுபுடிச்சிட்டேன்னு சொன்னா கூச்சப்படுவாரு. ஏற்கெனவே அந்தப் போட்டோ மேட்டர்ல என்னாலதான் அவுருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சி.”

அது ஒலித்தபோது தாங்கள் என் முகத்தையே நோக்கியிருந்தீர்கள். எனக்குத் தோன்றியது இதுதான்: தெரிந்திருந்தும் என்னிடம் கூறாதது அவர் செய்த பிழை. கூறியிருந்தால் விளையாட்டு அன்றே முடிந்திருக்கும்.

ஆகவே, ஐயத்திற்கு இடமின்றி எழுதுகிறேன். சூர்யகலா நான். செய்தியை வெட்டியவனும் பரப்பியவனும் நான். அவர் அழைத்தபோது வாய் திறவாதிருந்தவன் நான். அவரை அடித்தவன் நான் அல்லேன். என் கையில் சுண்ணக்கட்டி இருந்தது.

ஒரு திருத்தம் மட்டும் வேண்டுகிறேன். தங்கள் அறிக்கையில் இது கொலை எனக் குறிக்கப்பட்டுள்ளது. அரசின் அறிவிப்பின்படி அன்று தாக்குதல்கள் மாலை ஐந்து மணிக்கே நிறுத்தப்பட்டன. வேலூர் மருத்துவமனைக்குச் செல்லும் வழியில், ஆம்புலன்ஸ் கண்ணமங்கலத்தைக் கடக்கையில் அவர் உயிர் பிரிந்தபோது, போர் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது. எனவே என் நண்பர் குப்புராஜைப் போரில் உயிர்நீத்தவராகவே கொள்ள வேண்டும். போரில் இறந்தவரைக் கொன்றவர் என்று தனியொருவரைச் சுட்டும் வழக்கம் எங்கும் இல்லை. ஆம்புலன்ஸ் ஊழியர் குறித்துள்ள நேரம் மாலை நான்கு மணி ஐம்பது நிமிடம்.