நடுவில் இருப்பதுதான் பிரேக்

இரவு ஒரு மணி. ஊரைச் சுற்றிப் போகும் பைபாஸ் சாலை. விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள், விளக்கு மாட்டவில்லை. ஒரு பக்கம் கல் உடைத்த பள்ளம், இன்னொரு பக்கம் முள்ளுக்காடு. அந்தச் சாலையில் ஒரே ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. விபத்தில் நசுங்கிய கார்களைக் கொக்கி போட்டு இழுத்து வருமே, அந்த மாதிரி லாரி. ஓட்டியவர் என் நண்பனின் சித்தப்பா. நாமும் சித்தப்பா என்றே சொல்லிக்கொள்வோம்.

அந்தக் கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள்... காற்று வருகிறது.

சித்தப்பா டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். அப்பளமாய் நொறுங்கி வந்த காரைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடித்து நிறுத்தினால், சொந்தக்காரனே அடிபட்ட இடத்தைத் தேடுவான். அப்படி ஒரு கை. அடி வாங்கியதை அடி வாங்காதது மாதிரி காட்டுவதுதான் அவர் தொழில். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அவருக்கு ஒரே பிள்ளை. பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வாங்கி மை கூடக் காயவில்லை. ஆனால் சித்தப்பா, "தவழும்போதே கியர் போட்டவன் என் பிள்ளை" என்று பட்டறையில் போகிற வருகிறவரிடமெல்லாம் பெருமை அடிப்பார். அந்தச் சமயம் பெயின்ட் வேலைக்கு ஒரு கார் வந்திருந்தது. தாழ்வான கார், புலி பதுங்குகிற மாதிரி நிற்கும். சாவியைத் திருகினால் பட்டறைத் தகரமெல்லாம் அதிரும். வேலை முடிந்தும் சொந்தக்காரர் வெளியூரிலிருந்து வரவில்லை. மகன் அதையே சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு சாயங்காலம் சித்தப்பாதான் சாவியைத் தூக்கிப் போட்டார்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வா. கீறல் விழக் கூடாது, சொல்லிட்டேன்."

அவர் மனைவி, "எதுக்கு இந்த வேலை? அடுத்தவங்க வண்டி" என்றார். சித்தப்பா சிரித்தார்.

மகன் தனியாகப் போகவில்லை. அவன் போகிற இடமெல்லாம் கூடவே போகிற ஒருவன் உண்டு. ஆள் குட்டை. பட்டறை ஆட்கள் அவனுக்கு அரைப்படி என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பா இல்லாத பையன். பயந்த சுபாவம். பக்கத்து ஸீட்டில் ஏறி முதலில் பெல்ட்டைத் தேடிப் போட்டுக்கொண்டானாம்.

ரவுண்டு ஒரு பிறந்தநாள் விருந்தில் போய் நின்றது. அங்கே குடி. அப்புறம், "பைபாஸ்ல எவ்வளவு வேகம் போகும்னு பாத்துடலாம்" என்று யாரோ ஏற்றிவிட்டார்கள்.

சித்தப்பாவுக்கு வந்த போனில் பேச்சே இல்லை. மூச்சு மட்டும். பிறகு, "அப்பா... வந்துடுங்கப்பா."

அதனால்தான் இரவு ஒரு மணிக்கு அந்தச் சாலையில் அந்த லாரி.

கார் மரத்தில் மோதி நின்றது. இன்ஜின் ஆறுகிற சத்தம்... டிக்... டிக்... டிக்... ரேடியேட்டர் தண்ணீரின் தித்திப்பு வாடை, கருகிய ரப்பர், அதோடு சாராய நாற்றம். கொஞ்சம் முன்னால் ஒரு சைக்கிள் மடிந்து கிடந்தது. அதற்கப்பால் ஒரு மனிதர். அடுப்பு மூட்டுவதற்காக ரொட்டிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர். சித்தப்பா டார்ச்சை அவர் மேல் அடித்தார். உடனே அணைத்துவிட்டார்.

மகன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ரத்தம், மற்றபடி ஒன்றுமில்லை. பக்கத்தில் அரைப்படி. அவன் பக்கம்தான் மரம். தலை தொங்கியிருந்தது. சித்தப்பா அவன் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தன் விரலே நடுங்கும்போது என்ன தெரியும்?

அங்கே நின்றார்... மூளை ஓட ஆரம்பித்தது. போனது போய்விட்டது. இருக்கிறதைக் காப்பாற்று. அவர் செய்கிற வேலை அதுதானே.

மகனை இழுத்து வெளியே விட்டார். அரைப்படியின் பெல்ட்டை அறுத்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து டிரைவர் ஸீட்டில் வைத்தார். எடையே இல்லையாம். கால் எட்டவில்லை. அதனால் ஸீட்டை முன்னால் தள்ளினார். ஸீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளக் கம்பியில் அது நகர்கிற சத்தம்... டக்... டக்... டக்... மகனை அந்தப் பக்கம் உட்கார வைத்தார்.

"ஓட்டினது அவன். நீ பக்கத்துல இருந்தே. சொல்லு."

"அப்பா, அவன்..."

"பேசாத. நான் சொன்னதை மட்டும் சொல்லு."

மகன் சொன்னான். குரல் பிசிறியது. மறுபடி சொல்ல வைத்தார். பிசிறு போகும்வரை சொல்ல வைத்தார். அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

வழக்கு சீக்கிரம் முடிந்தது. குடித்துவிட்டு ஓட்டியவன் என்று எழுதப்பட்டவனும் உயிரோடு இல்லை, அடிபட்ட ரொட்டிக் கடைக்காரரும் உயிரோடு இல்லை. யாரை யார் கேட்பது?

அரைப்படியின் அம்மாவைத்தான் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் முன்பதிவு கவுண்டரில் டிக்கெட் போடுகிறவள். ஜனங்கள் அவள் ஜன்னலை விட்டுவிட்டு அடுத்த வரிசையில் போய் நின்றார்கள். ரொட்டிக் கடைக்காரரின் மனைவி மட்டும் அடிக்கடி வருவாள். கண்ணாடிக்கு நேரே வந்து நிற்பாள். டிக்கெட் கேட்க மாட்டாள். பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒருநாள் அரைப்படியின் அம்மா பட்டறைக்கு வந்தாள். வேலை நடுவில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணே, என் பிள்ளையால உங்க பிள்ளைக்கும் அடி பட்டுடுச்சு. மன்னிச்சிடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

சித்தப்பா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தங்கச்சி."

"சைக்கிள் விடவே பயப்படுவான்ணே. எப்படி அதுல போய் உக்காந்தான்னு இன்னும் எனக்குப் புரியல."

போய்விட்டாள். அன்று சித்தப்பா ஒரு கதவையே சாயங்காலம் வரை தட்டிக்கொண்டிருந்தாராம். தட்டத் தட்ட நெளிந்ததே தவிர நிமிரவில்லை.

கொஞ்ச நாளில் போலீஸ் அந்த நொறுங்கிய காரை விட்டுவிட்டார்கள். இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்க்கும் வரை பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு நிறுத்தினார்கள். அன்று தொடங்கியது.

முதலில் கேட்டது பட்டறையில் படுக்கிற பெயின்டர். எலி என்று நினைத்தார். எலிக்கு அப்படி ஒரு ஒழுங்கு இருக்காது. காருக்குள்ளே யாரோ பெடலை மிதிக்கிற சத்தம். ஒன்றை மிதிக்கிறது. விடுகிறது. யோசிக்கிற மாதிரி ஒரு இடைவெளி... அடுத்ததை மிதிக்கிறது. விடுகிறது. இடைவெளி... அடுத்தது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி பிள்ளைகள் மனப்பாடம் பண்ணுவார்களே, அந்த மாதிரி, விடியும் வரை. பெயின்டர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சித்தப்பா தூக்கிப் பார்த்தார். காலி ஸீட். ஆனால் தித்திப்பாக அந்த ரேடியேட்டர் வாடை. தண்ணீர் என்றைக்கோ வடிந்து போன வண்டி அது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மகன் அறையை விட்டு வருவதில்லை. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்தால் எடுத்துக்கொள்வான். அந்த ராத்திரியைப் பற்றி அப்பாவும் பேசவில்லை, பிள்ளையும் பேசவில்லை. ஒரே கூரைக்குள் இரண்டு பேர் ஒரு பிணத்தைப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இருந்தார்கள்.

கடைசியில், இன்ஷூரன்ஸ்காரர் பார்த்து, சொந்தக்காரரும் வண்டி வேண்டாம் என்றதும், சித்தப்பா அந்தக் காரைக் காயலான் கடைக்குக் கொண்டுபோய் நசுக்கிவிடுவது என்று முடிவு செய்தார். தொட ஆள் வரவில்லை. தானே லாரியை எடுத்தார். வேறு வழி இருந்தும், பகலில் ஜனங்கள் பார்ப்பார்களே என்று, ஊர் அடங்கி வெகுநேரம் கழித்து பைபாஸில்தான் போனார்.

காரின் முன்பக்கத்தைக் கொக்கி தூக்கியிருந்தது. பின்சக்கரம் இரண்டும் ரோட்டில் உருண்டு வந்தன. அப்படி மாட்டினால் காரின் முகம் லாரியைப் பார்த்தபடி இருக்கும். லாரியின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால் நேரே காரின் டிரைவர் ஸீட். சித்தப்பா கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓட்டினார். கண்ணாடி பார்க்காமல் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும்?

பள்ளத்தை ஒட்டி ரோடு இறங்க ஆரம்பித்தது. பார்த்தார்.

காரின் உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை. ஸ்டியரிங்குக்கு மேலே கண் வரைக்கும்தான் தெரிந்தது. குட்டையான ஆள் எக்கி எக்கிப் பார்க்கிற மாதிரி. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்பார் சித்தப்பா. பயம்தான் இருந்தது. வண்டி ஓடுகிறதே, என்ன செய்வது என்கிற பயம்.

சித்தப்பா பிரேக்கை மிதித்தார். கால் தரை வரைக்கும் போயிற்று. காற்றை மிதித்த மாதிரி. மறுபடி மிதித்தார். மறுபடி... இறக்கத்தில் லாரி வேகம் எடுத்தது. ஹாண்ட்பிரேக்கை இழுத்தார், அதுவும் பிடிக்கவில்லை. கல் பள்ளத்தின் ஓரம் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாய் நெருங்கியது.

அப்போது குரல் கேட்டது. பின்னாலிருந்து இல்லை. அவருக்குப் பக்கத்தில், காதோரம். மரியாதையாக, தொந்தரவு செய்கிறோமே என்கிற தயக்கத்தோடு.

"அங்கிள்... இதுல பிரேக் எது?"

சித்தப்பா காலியாய்ப் போகிற பெடலையே மறுபடி மிதித்தார்.

"அங்கிள்... எனக்குத் தெரியாது அங்கிள். நீங்கதானே உக்கார வச்சீங்க."

பள்ளம் வந்துவிட்டது. சித்தப்பா கத்தவில்லை. அழுதார். அழுதுகொண்டே சொன்னார்: "நடுவுல இருக்கிறதுப்பா. நடுவுல இருக்கிறதுதான் பிரேக். மிதி."

பின்னால் பெடல் இறங்குகிற சத்தம். ஒரு தடவைதான். சரியாக.

காரின் பின்சக்கரங்கள் கிறீச்சிட்டன. இழுத்துப் பிடித்த மாதிரி லாரி குலுங்கி, கரகரவென்று மண்ணில் உராய்ந்து... நின்றது. பிரேக் கட்டை கருகுகிற வாடை புகையாய் எழுந்தது. சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, லாரியை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். போகிற இடத்தை யோசிக்கவே இல்லை. கால் தானாக அரைப்படியின் அம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. விடிந்துகொண்டிருந்தது. வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

சித்தப்பா எல்லாவற்றையும் சொன்னார். சாவியைத் தூக்கிப் போட்டதிலிருந்து ஸீட்டைத் தள்ளியது வரைக்கும். அவள் சீப்பைக் கையில் பிடித்தபடி கேட்டாள். அழவில்லை, அடிக்கவில்லை. உள்ளே போய் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"தங்கச்சி..."

"சத்தமா சொல்லுங்க. தெருவுக்குக் கேக்கணும்."

சொன்னார். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். "அவன் ஓட்டல. என் பிள்ளைதான் ஓட்டினான். நான்தான் மாத்தி வச்சேன்." அவள் போதும் என்று சொல்லும் வரை சொன்னார். பிறகு அவளே செருப்பை மாட்டிக்கொண்டு அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனாள். வழியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி ரொட்டிக் கடைக்காரரின் மனைவியையும் கூட்டிக்கொண்டாள். இரண்டு பெண்களும் முன்னால் போக, சித்தப்பா பின்னால் போனார்.

லாரியைப் பார்க்கப் போலீஸ் மெக்கானிக்கை அனுப்பினார்கள். லாரி பிரேக்கில் எந்தக் கோளாறும் இல்லை, மிதித்தால் நின்றது. கொக்கியில் தொங்கிய காருக்குத்தான் பிரேக் இல்லை. மரத்தில் மோதிய அன்றே குழாய் அறுந்து எண்ணெய் முழுக்கக் கொட்டியிருந்தது. காரின் ஹாண்ட்பிரேக் வயரும் அறுந்துதான் இருந்தது. இருந்தும் ரோட்டில் அந்தக் காரின் பின்சக்கரங்கள் தேய்ந்த கறுப்புக் கோடு இரண்டு, இறக்கம் முழுக்க நீண்டிருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தார். அறிக்கையில் லாரியைப் பற்றி மட்டும் எழுதினார்.

மகனைக் கூட்டி வந்தார்கள். எதிரே உட்கார வைத்தார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் அப்பாவும் பிள்ளையும் முகம் பார்த்தார்கள். சித்தப்பா, "எல்லாத்தையும் சொல்லிட்டேன்பா. இனிமே மறைக்க ஒண்ணுமில்ல" என்றார்.

மகன் தலையை ஆட்டினான். இல்லை என்று.

"என்னப்பா?"

"நீங்க தூக்கி மாத்தி வச்சப்ப அவன் சாகலப்பா."

எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை நிறுத்தினார்.

சித்தப்பா கேட்டார். குரல் வெளியே வரவே இல்லை, உதடு அசைந்ததை வைத்துத்தான் புரிந்துகொண்டார்களாம்.

"எவ்வளவு நேரம்?"

"நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்து முடிக்கிற வரைக்கும்" என்றான் மகன். "என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தான்."