பனியில மாட்டிக்கிட்ட பிரபு

கிளட்சை மெதுவா விடுங்க டீச்சர். மெதுவா... ஆங், அப்படித்தான். என்ன கேட்டீங்க? ஓ, முன்னாடி கிடக்கிற அந்தப் புத்தகமா? அட்டை சாலை விதிகள்தான். உள்ளதான் வேற. அடடா, பிரிச்சுப் பார்த்துட்டீங்களா! நான் டீ குடிக்கப் போன நேரத்துலயா? போச்சு போங்க, மானம் கப்பலேறிடுச்சு.

சிரிங்க சிரிங்க, ரோட்டைப் பார்த்துச் சிரிங்க. ஆமா, காதல் கதைதான். அந்தக் காலத்துப் பிரபு, குதிரை வண்டி, கிறிஸ்துமஸ், கொட்டுற பனி. நம்ம டிரைவிங் ஸ்கூல்ல மத்த மாஸ்டருங்களுக்குத் தெரிஞ்சா ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவானுங்க. அதான் அட்டை மாத்தி வெச்சிருக்கேன். இந்த மனுஷன் எந்நேரமும் ரூல்ஸ் படிக்கிறாரேன்னு முதலாளிக்கு என் மேல தனி மரியாதை. அதைக் கெடுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

இல்லீங்க, கிரவுண்டுக்குப் போகல. நேரா போங்க. லைசென்ஸ் ஆபீஸுக்கு எதிர்ல பழைய புத்தகக் கடை ஒண்ணு இருக்குல்ல, அங்க போகணும். புத்தகம் அந்தக் கடைக்காரம்மாவோடது, திருப்பிக் கொடுக்கணும். கடையை இன்னையோட மூடறாங்க. சாயங்காலம் ரயிலேறி அக்கா வீட்டோட போயிடறாங்க அந்தம்மா. வீட்டுக்காரர் தவறிப்போய் ரொம்ப வருஷமாச்சு, இனிமே தனியா எதுக்குக் கிடந்து மல்லாடணும்னு அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம். சைக்கிள் வருது, சைக்கிள் வருது! ஒதுங்கிட்டான். வாயில நல்லா வந்துச்சு எனக்கு.

எப்படி ஆரம்பிச்சதா? டெஸ்ட்டுக்கு ஆளுங்களை உள்ள அனுப்பிட்டு நான் வெளியில தேவுடு காத்துக்கிட்டு நிப்பேன். ஒரு நாள் நல்ல மழை, அந்தக் கடைக்குள்ள ஒதுங்கினேன். சும்மா எதுக்கு நிக்கிறீங்க, இதைப் படிங்கன்னு கையில திணிச்சாங்க. வேண்டா வெறுப்பாத்தான் பிரிச்சேன். அன்னைக்கு டெஸ்ட்டு முடிச்சு வந்த ஆளு பாஸா பெயிலான்னுகூட நான் கேக்கல. அவரு கோவிச்சுக்கிட்டு நடந்தே போயிட்டாரு.

அதுல அப்படி என்ன இருக்குன்னா... எப்படிச் சொல்றது? ஒரு பிரபு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே திரிவான், யாரோடயும் ஒட்ட மாட்டான். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி எங்கயோ கிளம்புவான், வழியில பனி கொட்டி ரோடு அடைச்சுக்கும். ஒரு வீட்ல தங்கியே ஆகணும். அந்த வீட்லதான் அவளும் இருப்பா. ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. கணப்புல தீ எரியும், ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்து முறைச்சுக்குவாங்க. கையுறையைக் கழட்டறதுக்கே நாலு பக்கம்! விரல் நுனி பட்டுச்சுன்னா போதும், ஒரு அத்தியாயம் முழுக்க ரெண்டு பேருக்கும் தூக்கம் போயிடும். என்னமோ ஒரு இலைக்கொத்தை வாசல்ல கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க, அதுக்குக் கீழ நின்னா முத்தம் கொடுக்கணுமாம். இவன் அந்த வாசலையே விட்டுட்டுப் பின்பக்கமா சுத்திப் போவான், மடையன்!

ரெண்டாவது கியர் போடுங்க. இல்ல, அது நாலு.

எல்லாம் ஒரே கதைதானேன்னு நீங்க கேப்பீங்கன்னு தெரியும். கணக்கு டீச்சர்தானே நீங்க? விடை தெரிஞ்ச கணக்கைத்தானே வருஷா வருஷம் போடறீங்க, அலுத்துப்போச்சா? அதே மாதிரிதான் இதுவும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா? அந்தக் கிறிஸ்துமஸ்தான். அன்னைக்குக் காலையில சர்ச் மணி அடிக்கிறதுக்குள்ள அவன் வாயைத் திறந்தே ஆகணும். கெடு இருக்கு பாருங்க! நமக்கெல்லாம் யாரு கெடு வைக்கிறா? நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு தலை நரைச்சுடுது. எனக்குக் கல்யாணம் ஆகாதுன்னு வீட்ல எப்பவோ தலைமுழுகிட்டாங்க. தம்பி பொண்டாட்டி மட்டும் அப்பப்ப ஒரு பெருமூச்சு விடும், அவ்வளவுதான்.

கடைக்காரம்மா ஒவ்வொரு புத்தகத்தையும் முதல்ல படிச்சுட்டுத்தான் எனக்குக் கொடுப்பாங்க. நான் முடிச்சதும் போய் சண்டை போடணும், அது எங்களுக்குள்ள ஒரு வழக்கமாவே ஆகிப்போச்சு. இந்தப் பிரபு சுத்த வாயில்லாப் பூச்சிம்பாங்க அவங்க. பாவம் விடுங்க, மனசுல நிறைய வெச்சிருக்கான், பேசத்தான் வரலன்னு நான். மனசுல வெச்சிருந்து என்ன பண்றது, அவளுக்கு எப்படித் தெரியும்னு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்புக்காகவே நான் வேணும்னே தப்புத் தப்பா வாதாடுவேன்.

கதை முக்கால்வாசி போனதும் ஒரு இடம் வரும். எனக்கு ஆகவே ஆகாத இடம். எல்லாம் கூடி வந்திருக்கும். அவளே வலிய வந்து, நான் ஊருக்குக் கிளம்பறேன்னு சொல்லி நிப்பா. இவன் போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? சொல்ல மாட்டானே! நல்லபடியாப் போயிட்டு வாங்கம்பான். அந்த இடத்துல புத்தகத்தைத் தூக்கி அடிச்சுடுவேன் நான். அப்புறம் எந்திரிச்சுப் போய் எடுத்துக்கிட்டு வருவேன்னு வெச்சுக்குங்க, மீதியைப் படிக்கணும்ல.

அதோ, அந்த நீலப் பலகைதான் கடை. வேகத்தைக் குறைங்க. அட்டைப்பெட்டியெல்லாம் வெளியில வந்துடுச்சு. ஆட்டோகூட நிக்குது பாருங்க... ஐயோ!

பயப்படாதீங்க டீச்சர், வண்டி நின்னது உங்க தப்பில்ல. என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்குல்ல, நான்தான் மிதிச்சிட்டேன். எதிர்ல எதுவும் வரல. ஒண்ணும் இல்ல, சும்மா... நேத்து சாயங்காலம் போயிருந்தேன். பெட்டி கட்டிக்கிட்டே அவங்க கேட்டாங்க. நான் போகத்தான் வேணுமா, நீங்க என்ன சொல்றீங்கன்னு. என் முகத்தை நேரா பார்த்துக் கேட்டாங்க டீச்சர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரயில்ல ஜன்னல் சீட்டு கிடைச்சிடுச்சான்னு கேட்டேன். கிடைச்சிடுச்சுன்னாங்க. கிடைச்சிடுச்சுன்னு சொல்லிட்டு மறுபடியும் கயிறு கட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

திட்டுங்க, நல்லா திட்டுங்க, வாங்கிக்கிறேன். ராத்திரி பூரா எனக்கு நானே அதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தேன். சரி, சரி, போறேன். ஆமா, போகாதீங்கன்னுதான் சொல்லப்போறேன். பெரிய வசனமெல்லாம் எனக்கு வராது. என்கூடவே இருங்கன்னு சொன்னா போதும்ல? ம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

ஹார்ன் அடிக்காதீங்க, திரும்பிப் பார்த்துடப் போறாங்க! பார்த்துட்டாங்க.

உங்ககிட்ட இன்னொண்ணு சொல்லணும். இன்னைக்கு உங்களுக்கு கிளாஸே கிடையாது டீச்சர். காலையில வண்டியை எடுக்கப் பார்த்தேன், ஸ்டியரிங்கைப் பிடிச்ச கை ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. இத்தனை வருஷமா ஊருக்கே ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற கை! அதான் உங்களைக் கூப்பிட்டேன். இன்னும் நிக்கல பாருங்க. இந்த பெல்ட்டைக் கொஞ்சம் கழட்டி விடுங்களேன், அவங்க இந்தப் பக்கமா நடந்து வராங்க.