மூன்று பிடி, நூற்று நாற்பது விரல்

மரப் பராமரிப்புப் பிரிவின் கருவி அறையை இருபத்தொன்பது ஆண்டுகள் கண்ணை இமை காப்பதுபோல் காத்து, இன்று மாலை ஐந்து மணியோடு பணி நிறைவு பெறும் எங்கள் அக்காவின் முன்னிலையில், அவர் கருவி கொடுத்துக் காப்பாற்றிய பதினான்கு பேரும் ஒரே குரலாய் வாசித்தளிக்கும் மடல்

ரம்பத்தின் பல்லறிந்தவரே! பல்லை ஆளும் பிடியறிந்தவரே! பிடியைப் பற்றும் கையறிந்து, கையைத் தாங்கும் காலறிந்து, ஆளுக்கேற்ற கருவியை அளந்து அளித்த அன்புக் காரிகையே!

காரிகை என்றதும் மூக்குக்கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள். மடல் என்றால் இப்படித்தான் எழுத வேண்டுமாம்.

எண்ணெய் வாடையும் மரத்தூள் வாடையும் கலந்த அந்தத் தகரக் கூரை அறைக்குள் நாங்கள் ஒவ்வொருவரும் முதல் நாள் எப்படி நுழைந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இருப்பதிலேயே பெரிய சங்கிலி ரம்பத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளும் ஆசையோடுதான் நுழைந்தோம். நீங்களோ ரம்பத்தைத் தொட விடவில்லை. மேசைமேல் பழுப்புத் தாளை விரித்து, "ரெண்டு கையையும் வை" என்றீர்கள். பென்சிலால் விரல் விரலாகச் சுற்றி வரைந்து, கீழே பெயரெழுதிச் சுவரில் ஒட்டினீர்கள். ரம்பம் கேட்டு வந்தவனுக்குச் சித்திரப் பாடமா என்று மனதுக்குள் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து விழுந்தது.

"கால் எங்க நிக்கப் போகுது? அதச் சொல்லு. கைக்கு எந்தப் பிடின்னு அப்புறம் நான் சொல்றேன்."

எத்தனை பெரிய ஞானத்தை எத்தனை சிறிய கேள்விக்குள் மடித்து வைத்திருந்தீர்கள்! இடுப்பில் கயிறு கட்டி, கிளைகளுக்கு நடுவே கால் மடக்கி நிற்பவனுக்கு, இயந்திரத்தின் தலைமேலேயே கைப்பிடி அமைந்த குட்டை ரம்பமான மேல்பிடி. தரையில் காலூன்றி நிற்பவனுக்கு, ஒரு கை பின்னாலும் ஒரு கை முன்னாலும் விலகி நின்று, எகிறும் ரம்பத்தை அடக்கும் பின்பிடி. சரிவில் நின்று, பருத்த அடிமரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி அறுப்பவனுக்கு, முன்கம்பி இருபுறமும் வளைந்து வரும் சுற்றுப்பிடி. பிடி மூன்று, அதை மாற்றிக் கொடுத்தால் வினை முந்நூறு என்பீர்கள். முந்நூறு என்பது மிகை என்று அன்று நினைத்தோம்.

மாலையில் ரம்பத்தைத் திருப்பித் தரும்போது நீங்கள் ரம்பத்தைப் பார்த்ததே இல்லை. "விரலைக் காட்டு" என்பீர்கள். கையுறையைக் கழற்றி நீட்டினால், ஒன்று இரண்டு என்று உதடு அசைய எண்ணுவீர்கள். "பத்தும் இருக்கா? சரி, வீட்டுக்குப் போ." அதன் பிறகுதான் பேரேட்டில் நேரம் எழுதுவீர்கள். எங்களில் ஒருவரின் மனைவி சொன்னதை இங்கே பதிவு செய்வது எங்கள் கடமை: "என் வீட்டுக்காரரைக் காலையில முழுசா வாங்கி, சாயங்காலம் முழுசாத் திருப்பித் தர்ற ஒரே ஆளு உங்க அக்காதான்."

இத்துடன் நிறுத்தி, நீடூழி வாழ்க என்று முடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கலாம். ஆனால் பாதி உண்மையைச் சுவரில் மாட்டுகிறவர் அல்லர் நீங்கள். ஆகவே மீதியையும் சபையறியச் சொல்லிவிடுகிறோம்.

இரண்டாண்டுகளுக்கு முன் பழைய ரம்பங்களை ஒதுக்கிவிட்டுப் புதியவை வாங்கும் பேச்சு வந்தது. பொறியாளர் ஐயா நல்ல மனிதர். ஆனால் எதையும் ஒரே மாதிரியாக அடுக்கிப் பார்ப்பதில் ஆசை கொண்டவர். பதினான்கு பேருக்கும் மேல்பிடி ரம்பமே போதும் என்று முடிவு செய்து, உங்கள் ஒப்பத்துக்குத் தாளை நீட்டினார்.

"எடை கம்மி. ஒரு கையிலயே தூக்கிட்டுப் போகலாம். ஏம்மா வேண்டாங்கிறீங்க?"

"பதினாலு பேருக்கும் ஒரே அளவுச் செருப்பு வாங்குவீங்களா சார்?"

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு வாரத்துக்குள் ஒப்பமிடாவிட்டால் உங்களைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஓய்வுக்கு இரண்டே ஆண்டுகள் இருக்க, இருபத்தேழு ஆண்டு கட்டி ஆண்ட அறை உங்கள் கையை விட்டுப் போகவிருந்தது.

அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்தோம்? உங்கள் பக்கம் நின்றோமா? இல்லை அக்கா. எங்களுக்கும் லேசான ரம்பம் வேண்டியிருந்தது. ஆளுக்கொரு கை போட்டு, உங்களுக்கு எதிராக மனு எழுதினோம். எங்களில் 'அவசரம்' என்று பெயரெடுத்தவனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் அவன்தான் எழுதினான். பதினான்கு பேர் ஒப்பமிடப் பெரிய தாள் கிடைக்காமல், உங்கள் மேசைமேல் இருந்த பழுப்புத் தாள் சுருளிலிருந்தே கிழித்தோம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பதை அளவெடுத்துச் செய்தோம்.

மனு போன செய்தி மதியத்துக்குள் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்று மாலை எவனும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் வழக்கம்போல், "விரலைக் காட்டு" என்றீர்கள். பத்தும் எண்ணினீர்கள். வீட்டுக்கு அனுப்பினீர்கள். அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

பொறியாளரிடம் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: நான்கு நாள் சோதனை. மாதிரிக்கு மேல்பிடி ரம்பங்கள் வந்தன. 'அணில்' என்று நாங்கள் அழைக்கும் மரமேறி, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, முற்றத்து ஓரத்தில் நின்ற காய்ந்த மரத்தில் ஏறினான். மற்றவர்கள் தரையில் குவிந்து கிடந்த கிளைகளை முறைவைத்து அறுத்தோம். பஞ்சு போலிருக்கிறது என்று ஆளாளுக்குப் பாராட்டினோம். நீங்கள் ஜன்னலோரம் சாக்கட்டியோடு உட்கார்ந்து, அவ்வப்போது எழுந்துபோய்ச் சுவரில் எங்கள் கைச் சித்திரங்களுக்குக் கீழே கோடு கிழித்தீர்கள். அக்காவுக்குப் பொழுது போகவில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

நான்காம் நாள் காலை ஒப்பம் வாங்கப் பொறியாளர் வந்தார். அதே நேரத்தில் முற்றத்தில் அவசரத்தின் முறை. தேநீர் இடைவேளைக்குள் குவியலை முடித்துவிட வேண்டும் என்று அவனுக்குள் ஒரு பந்தயம். போட்டிக்கு யாரும் இல்லாத பந்தயம். வலக்கையில் ரம்பம். இடக்கை எப்போது முன்கம்பியை விட்டு நழுவிக் கிளையைப் பிடித்துக்கொண்டது என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. ஒற்றைக் கையால் முடிகிற வேலைக்கு இன்னொரு கை எதற்கு என்று அந்தக் கையே முடிவு செய்துவிட்டது போலும். ரம்பத்தின் நுனி குவியலுக்குள் ஒளிந்திருந்த வேறொரு கிளையில் மோதியது. கண்மூடித் திறப்பதற்குள் ரம்பம் எகிறி, கிளையைப் பிடித்திருந்த இடக்கையை உரசிக்கொண்டு மேலே போனது. கையுறையின் ஆள்காட்டி விரல் நுனி துண்டாகி மரத்தூளில் விழுந்தது. அதற்குள் விரலும் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஜன்னல் வழியே நீங்கள் பார்த்தீர்கள். பொறியாளரும் பார்த்தார். அவன் தட்டுத் தடுமாறி அறைக்குள் வந்தபோது நீங்கள் திட்டவில்லை.

"விரலைக் காட்டு."

கையுறையை நீங்களே கழற்றினீர்கள். எண்ணினீர்கள். ஒன்பதில் கொஞ்சம் நின்றீர்கள். "பத்து" என்றீர்கள். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டீர்கள். எதற்கும் கலங்காத எங்கள் அக்கா உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

பொறியாளர் சுவரைப் பார்த்தார். "இது என்னம்மா கோடு?"

"தரையில நின்னுக்கிட்டு ஒத்தைக் கையில அறுத்த தடவை சார். மூணு நாளு. நூத்தி அறுபத்து மூணு."

"அணிலுக்குக் கீழ ஒண்ணுகூட இல்லையே?"

"அவனைக் கயிறு தாங்குது. ரெண்டு கையும் ரம்பத்துக்குத்தான். அங்க அவனுக்கு அந்தப் பிடிதான் சரி. தரையில இருக்கிறவனுக்குக் கை சும்மா இருக்காது சார், கிளையப் பிடிக்கப் போகும். பின்பிடின்னா ரெண்டு கையும் இல்லாம அது அசையாது." சற்று நிறுத்திச் சொன்னீர்கள்: "ஒரே பிடி எல்லாருக்கும் போதும்னு நானும் ஒரு தடவை நெனச்சேன் சார். பின்பிடியக் குடுத்து அணிலை மேல ஏத்திவிட்டேன். மேல திருப்ப இடமில்லாம முழங்காலைக் கிழிச்சுக்கிட்டான். அவன் முட்டியில இருக்கிற பதினோரு தையலும் என் தப்பு. அன்னையிலேருந்து காலைக் கேக்காம எவனுக்கும் பிடி குடுக்கிறதில்ல."

தன் தவற்றைத் தானே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு ஒருவர் பேசினால், எதிரில் இருப்பவர் என்னதான் வாதாட முடியும்? அவசரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், எங்க மனுவைத் திருப்பிக் குடுத்துருங்க" என்றான். வாசலில் நின்ற பன்னிரண்டு பேரும் ஆமாம் என்றோம். மரத்திலிருந்து அணிலும் ஆமாம் என்று கத்தினான், என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாமல். பொறியாளர் கோப்பைத் திறந்து மனுவை எடுத்துக் கொடுத்தார். கையோடு புதிய பட்டியலையும் நீங்கள் சொல்லச் சொல்ல அவரே எழுதிக்கொண்டார்: பின்பிடி பத்து, மேல்பிடி இரண்டு, சுற்றுப்பிடி இரண்டு. அதன் பிறகு கோப்பு அறையைப் பற்றி எவரும் பேசவில்லை.

மனுவைக் கிழிக்கப் போன அவசரத்தின் கையைப் பிடித்து நிறுத்தியதும் நீங்கள்தான். "பின்பக்கம் சும்மாத்தான இருக்கு? வை. எதுக்காவது ஆகும்."

ஆகிவிட்டது அக்கா. இந்த மடல் அந்த மனுவின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. எழுதியவனும் அதே அவசரம்தான். இம்முறை அவசரப்படாமல் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினான். சட்டத்தின் இரு பக்கமும் கண்ணாடி போட்டிருக்கிறோம். எங்கள் மேல் கோபம் வரும் நாளில் திருப்பி மாட்டிக்கொள்ளுங்கள்.

அறிவில் உறுதியும் அன்பில் சிக்கனமும் கொண்டவரே! உங்கள் கண் தெளிவாய் இருக்கட்டும். முழங்கால் முனகாமல் இருக்கட்டும். உறக்கம் ரம்பச் சத்தம் இல்லாமல் வரட்டும். உங்கள் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் சூழ நூறாண்டுக்கு மேலும் எண்ணிக் களித்திருங்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிளை கூரையில் சாய்ந்தாலும் எங்களைக் கூப்பிடுங்கள். கால் எங்கே நிற்கும் என்பதை நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிக்கொண்டு வருவோம். அறைச் சாவி நாளை முதல் அணிலிடம். பதினோரு தையல் போட்டுப் படித்தவன். எண்ண மறக்க மாட்டான்.

அன்று இதே தாளின் மறுபக்கத்தில் கையெழுத்திட்டோம். இன்று கையெழுத்துப் போதாது என்று தோன்றியது. ஆகவே மையில் தோய்த்துப் பத்து விரலையும் பதித்திருக்கிறோம். இந்த மடலைச் சுற்றிப் பூவேலைபோல் தெரிவது அதுதான். இடது மூலையில் தொடங்குவது அவசரத்தின் கை. ஆள்காட்டி விரல் இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கிறது. பதினான்கு பேர், நூற்று நாற்பது விரல். இருபத்தொன்பது ஆண்டில் ஒன்றும் குறையவில்லை.

இனி எங்கள் முறை. மேடைக்கு வாருங்கள் அக்கா, விரலைக் காட்டுங்கள்.

பத்தும் இருக்கு. சரி, வீட்டுக்குப் போங்க.

இப்படிக்கு,
உங்களிடம் காலையில் போய், மாலையில் முழுதாகத் திரும்பிய
மரப் பராமரிப்புப் பிரிவுப் பணியாளர்கள்