பொம்மி உட்கார்ந்த இடம்

நாய்க்கு ஈரல் வேகவைக்கும்போது உப்புப் போடக் கூடாது. இதை வனஜாவுக்கு முதல் நாளே சொன்னேன். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவள் தவறியதில்லை. நல்ல வேலைக்காரி. எனக்கு அவள்மேல் ஏதோ பகை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் இதை முதலில் எழுதுகிறேன்.

என் பெயர் லட்சுமணன். ராணுவத்தில் பதினெட்டு வருடம் நாய் பழக்கினேன். இப்போது திருநின்றவூரில் மனைவி மைதிலியோடு இருக்கிறேன். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் கோகுல்நாத் சார் நடத்தும் கூடத்தில் வேலை. நோயை மோப்பம் பிடிக்க நாய்களுக்குக் கற்றுக்கொடுப்போம். புற்றுநோய் உள்ள ஒருவர் பத்து நிமிடம் போட்டிருந்த மாஸ்க் ஒரு ஜாடியில் இருக்கும். மற்ற ஐந்து ஜாடிகளில் நோயில்லாதவர்களின் மாஸ்க். நாய் எல்லாவற்றையும் முகர்ந்துவிட்டு நோய் இருக்கும் ஜாடி முன்னால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ஒரு துண்டு ஈரல்.

பொம்மி என்கிற லாப்ரடார் எங்களிடம் இருந்ததிலேயே கெட்டிக்கார நாய். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் மாஸ்க் எல்லாம் ஏற்கெனவே மருந்து ஏறியவர்களுடையது. பொம்மி கற்றுக்கொண்டது நோயின் வாசனையையா, மருந்தின் வாசனையையா? இது தெரிய வேண்டுமென்றால் மருந்தே தொடாத நோயாளி வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் தனக்கு நோய் இருப்பதே தெரிந்திருக்காது. அவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?

பிப்ரவரியில் ஒரு காலை, கூடத்தில் வனஜா பொம்மிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். பொம்மி தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளை முகர்ந்தது, அவள் முன்னால் உட்கார்ந்தது, என்னைப் பார்த்தது.

"இன்னா சார், என்னப் பாத்தா மட்டும் குந்திக்குது? மரியாத குடுக்குதா?" என்று சிரித்தாள்.

"உன்ன ரொம்பப் புடிச்சிருக்கு அதுக்கு" என்றேன்.

அவளுக்கு ஒரே பெருமை. அன்று மதியம் ஏதோ கணக்கெடுப்பு என்று சொல்லி அவளிடம் ஒரு மாஸ்க் வாங்கினேன். ஜாடிகளை இடம் மாற்றி மாற்றிப் பத்து முறை வைத்தேன். ஒன்பது முறை பொம்மி அவளுடைய ஜாடி முன்னால்தான் உட்கார்ந்தது.

ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நாய் உட்கார்ந்ததை வைத்து ஒரு பெண்ணிடம் போய் உனக்குப் புற்றுநோய் என்று சொல்ல முடியுமா? நான் டாக்டர் இல்லை. கோகுல்நாத் சாரிடம் சொன்னால், இளகிய மனசு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். மருந்து ஆரம்பித்துவிடும். அத்தோடு எல்லாம் வீண். என் நிலையில் யாராக இருந்தாலும் கை கட்டிப்போட்ட மாதிரிதான் இருந்திருப்பார்கள்.

அதனால் வியாழக்கிழமைதோறும் ஒரு மாஸ்க் வாங்கினேன். தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வைத்தேன். இப்படி ஒரே ஆளின் நோய் வாரம் வாரமாக வளர்வதை முகர்ந்து படித்த நாய் வேறெங்கும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

கஷ்டம் பொம்மியால்தான். வனஜாவைப் பார்க்கும்போதெல்லாம் உட்காரும். நான் ஈரல் கொடுக்க மாட்டேன்; கொடுத்தால் மற்றவர்கள் கவனிப்பார்கள். அது எழுந்து, அவளை மறுபடி முகர்ந்து, மறுபடி உட்காரும். சில நாள் முன்னங்காலால் அவள் புடவையைப் பிராண்டும். சரியாகச் சொல்லியும் ஏன் யாரும் கேட்கவில்லை என்று அதற்குப் புரியவில்லை. பார்க்கப் பாவமாக இருக்கும். சங்கிலியை இழுத்துக்கொண்டு போய்விடுவேன்.

மே மாதம் வனஜா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சார், கைக்கு அடீல கட்டி மாரி இன்னாவோ கீது. நாய் முடி ஒத்துக்கலியா? டாக்டராண்ட போவட்டா?"

"சூட்டுக் கட்டியா இருக்கும். மஞ்சள் போடு."

"நீ சொன்னா சரி சார்" என்று போய்விட்டாள். அவள் மகள் ஸ்வாதி அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரிக்கு அலைந்துகொண்டிருந்ததில் அவளுக்கும் அம்மாவைக் கவனிக்க நேரமில்லை.

நவம்பரில் வனஜா வேலைக்கு வருவது நின்றது. ஜனவரியில் இறந்துபோனாள். கோகுல்நாத் சார் ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்யும்போது அவள் பெயரும் தேதியும் எழுதிய மாஸ்க்குகளைப் பார்த்து ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தார். நான் ஓடவில்லை. மாஸ்க்குகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்ததும் நான்தான்.

நேற்று என் முன்னால் ஒரு ஸ்கேன் ரசீதை வைத்தீர்கள். ஜூலை மாத ரசீது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அது ஒரு புதன்கிழமை. மைதிலி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். பொம்மி அவள் முன்னால் உட்கார்ந்தது. ஒரே ஒருமுறைதான். நான் ஜாடி எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். சாயங்காலத்துக்குள் ஸ்கேன் முடிந்துவிட்டது. மார்பில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு கட்டி. இவ்வளவு சீக்கிரம் யாரும் வருவதில்லை, எடுத்துவிட்டால் பயமில்லை என்றார் டாக்டர். மைதிலி இன்றைக்கு நன்றாக இருக்கிறாள்.

மறுநாள் வியாழன். என் முகத்தைப் பார்த்து வனஜா விசாரித்தாள். மைதிலிக்கு உடம்பு சரியில்லை, ஆபரேஷன் என்றேன். "அக்காவுக்கு ஒண்ணும் ஆவாது சார், மாங்காட்டம்மனாண்ட வேண்டிக்கிறேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நான் மாஸ்க்கை நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டாள். பத்து நிமிடம் ஆகும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.