பெருவிரல் வைத்த இடம்

மாவுக்கட்டுக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஐயா. சூடு கூடினால் கட்டு அவசரமாக இறுகித் தோலைச் சுட்டுவிடும். சில்லென்று இருந்தால் சீக்கிரம் இறுகாது. அதற்குள் பிள்ளை காலை ஆட்டிக் காரியத்தைக் கெடுத்துவிடும். நான் முழங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன். எலும்புப் பிரிவின் கட்டுப் போடும் அறையில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறேன். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். அந்த அறை மட்டும் என்னுடையது.

நீங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்க வரவில்லை, தெரியும். என் தங்கை மகள் எழுதிக் கொடுத்த புகாரோடு வந்திருக்கிறீர்கள். காட்டவும் செய்தீர்கள். ஓரிடத்தில் ‘என் பெரியம்மா’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, ‘கட்டுப் போடும் ஊழியர்’ என்று மாற்றியிருக்கிறாள். அது எனக்கு வலித்தது. இருக்கட்டும். புகாரில் இரண்டு பெண்களின் கால் இருக்கிறது. முதலில் உடைந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

தங்கை போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு ஏழு வயது. அவள் அப்பன் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். எனக்கு அவள், அவளுக்கு நான். பதிமூன்று வயதில் என்னைவிட ஒரு தலை உயரம். பள்ளியில் ‘கொக்கு’ என்று கூப்பிட்டார்கள். நாற்காலி போடாமல் கரும்பலகையின் உச்சியைத் துடைப்பதைப் பார்த்த விளையாட்டு டீச்சர், அன்றைக்கே அவளைக் கூடைப்பந்து அணியில் சேர்த்துவிட்டார். முதல் மாதம் பந்து அவள் மூக்கில் பட்டதுதான் அதிகம்.

அவளுக்கு ஒரு தோழி. குள்ளம், நின்ற இடத்தில் நில்லாமல் சுற்றுவாள். அதனால் பம்பரம். சனிக்கிழமை தோறும் இருவரும் என் சமையலறை முக்காலியில் மாறி மாறி உட்கார்ந்து காலை என் மடியில் வைப்பார்கள். கணுக்கால் பிசகாமல் டேப் சுற்றி, ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை கொடுத்து அனுப்புவேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊட்டியும் பார்த்தேன். வளர்ந்தது ஊரார் பிள்ளை.

ஆட்டத்தில் பந்து பம்பரத்தின் கையிலிருந்துதான் கொக்கின் கைக்கு வரும். அவள் தராவிட்டால் இவள் கூடைக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பந்தைப் போட்டவளுக்குத்தான் கூட்டம் கை தட்டும். விவரம் தெரிந்தவர்கள் கொடுத்தவளைப் பார்ப்பார்கள். பள்ளியின் கடைசி வருடம் ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் அம்மா வந்தார். அவர் விவரம் தெரிந்தவர்.

அவரிடம் ஒரே ஓர் இடம் இருந்தது. படிப்பு, விடுதி, அணியில் பெயர், எல்லாம் சேர்ந்த இடம். மூன்று ஆட்டம் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் என் பின் வரிசையில் உட்கார்ந்து விளையாட்டு டீச்சரிடம் பேசினார்.

“அந்தக் குட்டிப் பொண்ணு போதும் எனக்கு. கடைசி ஆட்டத்தையும் பாத்துட்டுச் சொல்லிடுறேன்.”

“நெட்டைப் பொண்ணு?”

“நல்லாத்தான் ஆடுறா. ஆனா இவ இல்லாட்டி அவ இல்லையே.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று எந்த முடிவும் எடுக்கவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் யாருக்கும் கெடுதல் நினைப்பவள் இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பம்பரம் நொண்டிக்கொண்டு வந்தாள். கொக்கு பக்கத்தில் நின்று முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில், சட்டைப் பொத்தான் அளவு இடம், பிள்ளை முக்காலியை விட்டு எழுந்தே விட்டாள். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். ஒரு தடவை குதித்து உதட்டைக் கடித்தாள்.

சதை வலி கை நீளத்துக்குப் பரவும். எலும்பில் மயிரிழை விரிசல் விட்டால் வலி விரல் நுனியில் நிற்கும். கட்டுப் போடும் அறையில் ஒரு மாதம் இருந்தவருக்கே இது தெரியும். ஆறு வாரம் ஓடாமல் இருந்தால் தானாகக் கூடிவிடும். ஓடினால், குதித்தால், ஒரு நாள் முழுசாகப் போகும்.

“என்ன பெரியம்மா, ஆடலாமா?” என்றாள். அவளும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

“சதை வலிதான்டி. இந்த வயசுல வலிக்காத கால் எது? இறுக்கிச் சுத்திவிடுறேன், பறந்துடும்.”

“பாத்தியா, நான் சொன்னேன்ல. சும்மா பயந்து சாகுறா பெரியம்மா இவ,” என்றாள் கொக்கு, வாயில் முட்டையோடு.

நான் எதையும் உடைக்கவில்லை, ஐயா. எலும்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் சதை என்று சொன்னேன்.

சனிக்கிழமை, அந்தக் கடைசி ஆட்டத்தின் பின்பாதியில் பம்பரம் எம்பிக் குதித்து இறங்கினாள். சத்தம் என் இருக்கை வரை கேட்டது. எல்லோரும் கத்தினார்கள், ஓடிப்போனது நான்தான். புள்ளிப் பலகையின் அட்டையைக் கிழித்து முட்டுக் கொடுத்து, காலை ஆடாமல் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அன்று நான் போட்டது போல அழகான கட்டு அந்த அறையில் யாரும் போட்டதில்லை. அவள் அம்மா என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நீங்க இல்லாட்டி என் பொண்ணு என்ன ஆயிருப்பா?” என்றார். என் கையில் மாவு காயாமல் இருந்தது. அவர் புடவையில் ஒட்டிவிட்டதே என்று வருத்தப்பட்டேன்.

அந்தக் கால் கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. ஒரு மருந்துக் கடையில் முக்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது அவளுக்கு. இடம் கொக்குக்குப் போயிற்று.

கல்லூரியில் முதல் ஆறு மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பந்து கொடுக்க ஆள் இல்லாததால் தானே கொண்டுபோகக் கற்றுக்கொண்டாள். இரண்டாம் வருடம் முதல் ஐந்து பேரில் ஒருத்தி. விடுதி வாசலில் அவள் படம் ஒட்டியிருக்கிறார்கள் என்று அதில் ஒரு நகல் அனுப்பினாள். அதை அறைக் கதவில் ஒட்டிவைத்தேன். கை ஒடிந்து வருகிறவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டு, யார் என்று கேட்பார்கள். என் பொண்ணு என்பேன்.

ஒரு குறைதான். அங்கே டேப் சுற்ற வேறு ஆட்கள் இருந்தார்கள். லீவுக்கு வந்தால் காலை என் மடியில் வைக்கமாட்டாள். “இருக்கட்டும் பெரியம்மா, நானே போட்டுக்குறேன்” என்பாள்.

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“பெரியம்மா, முழங்காலுக்குக் கீழ ஒரே ஒரு இடம் வலிக்குது. விரல் வெச்சா உயிர் போகுது. ரெண்டு வாரமாச்சு.”

“அங்க டாக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டினா உக்கார வெச்சிடுவாங்க. இறுதி ஆட்டம் வருது. பம்பரத்துக்கு வந்துச்சே, அதே இடந்தான். அதனால நான் பயப்படல. அவளுக்கும் சதை வலின்னுதானே சொன்னீங்க?”

அதில் ஒரு கள்ளமும் இல்லை, ஐயா. நம்பிக்கையோடு கேட்டாள். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். ஒரு குதி கேட்டது. இரண்டாவது கேட்கவில்லை, மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது.

எக்ஸ்ரே எடுத்துப் பார் என்று நான் சொல்லியிருந்தால், அப்போ பம்பரத்துக்கு ஏன் சொல்லல என்று கேட்டிருப்பாள். கெட்டிக்காரி, அரை நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிடும். எலும்பு உடைந்தால் கட்டுப் போட எனக்குத் தெரியும். அவள் என்னை வெறுத்துவிட்டால் அதற்கு நான் எங்கே போவேன்? அதோடு, உடைந்தால் வீட்டுக்குத்தானே வருவாள் என்றும் ஒரு நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்தது, சொல்லிவிட்டேன்.

“சதை வலிதான்டி,” என்றேன். “இறுக்கிச் சுத்திட்டு ஆடு.”

“தேங்க்ஸ் பெரியம்மா. உங்ககிட்ட கேட்டாத்தான் எனக்கு நிம்மதி.”

பதினோராம் நாள், இறுதி ஆட்டத்தில், இரண்டு துண்டாகப் போயிற்று. அந்த ஊர் டாக்டர் எங்கே வலித்தது, எப்படி வலித்தது, யாரிடம் கேட்டாய் என்று ஒவ்வொன்றாக விசாரித்திருக்கிறார். சதை வலி என்று சொன்னவருக்கு எத்தனை வருட அனுபவம் என்றும் கேட்டிருக்கிறார். அன்று மாலையே அவள் பம்பரத்தை வரச்சொல்லியிருக்கிறாள். புகாரின் கீழே இரண்டு கையெழுத்து இருப்பதை நானும் பார்த்தேன்.

ஆமாம், ஐயா. இரண்டு முறையும் தெரிந்தேதான் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். அவளுக்கு நல்லது தவிர எதையும் நான் நினைத்ததில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அவளை மறுபடி பார்க்கப் போவீர்கள் இல்லையா? கட்டு குதிகால் பக்கம் அழுத்துகிறதா, கால்விரல் நுனி ரத்தம் ஓடிச் சிவப்பாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டு எனக்குச் சொல்லுங்கள். வலித்தால் அவள் வேறு யாரிடமும் சொல்லமாட்டாள், என்னிடம்தான் சொல்வாள்.