வாசலில் நிற்கும் தெபோராள் விளக்கு

கத்திரிக்காயை அறுத்துக்கிட்டே கேளுங்க, கை நிக்கக் கூடாது. நாளைக்கு நம்ம சபை அசன விருந்துல ஊரே சாப்பிடணும். கோயில் வாசல்ல, கல்லு மேல, கறுத்துப் போய் ஒரு வெளக்கு நிக்கே, அதை ஏன் உள்ள வைக்கலைன்னு கேட்டியள்லா? சொல்லுதேன்.

நம்ம வேலங்குறிச்சிக் கோயிலு ஓலைக்கூரையா இருந்த காலமாம். சபையில பெரிய வீட்டுக்காரி தெபோராள்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க பாட்டனுக்குப் பாட்டி. அந்தக் கண்ணாடி வெளக்கு அவ கோயிலுக்குக் கொடுத்தது. மகா அருவருப்புக்காரியாம். அடுத்தவ தொட்ட வாளிக்கயித்தைக்கூட கழுவித்தான் தொடுவாளாம்.

அந்த வருசம் வாந்திபேதி வந்துட்டு. உப்புவண்டி ஓட்டிக்கிட்டு வந்த அசலூர்க் குடும்பம் ஒண்ணு, புருசன், பொஞ்சாதி, கைப்பிள்ள, ஓடைக்கரையில விழுந்துட்டாவ. நம்ம ஆளுவ என்ன செஞ்சாவ? சன்னல் இல்லாத குடிசையில தள்ளி, உள்ள ஒரு கலயம் தண்ணிய வச்சுட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடியாந்துட்டாவளாம். ஓடியாந்து எங்க போனாவ? கோயிலுக்கு! தூ!

அன்னைக்கு ஞாயித்துக்கெழம. உபதேசியார் பிரசங்கம் பண்ணுதாரு. "நாம ஊருக்கே வெளிச்சமா இருக்கணும்!" எல்லாரும், "ஆமென்!"

அப்பத்தான் ஓடைக்கரையில இருந்து சத்தம். "ஐயா, தண்ணிய எங்க வச்சிய? கண்ணு தெரியலையே, பிள்ள நாக்கு வறண்டு கெடக்கே!" பட்டப்பகல்லயும் குடிசைக்குள்ள கும்மிருட்டாம்.

கோயிலுக்குள்ள எல்லாருக்கும் கேட்டுச்சு. தெபோராள் புருசன் எந்திரிச்சாரு. தண்ணி கொண்டு போகத்தான் எந்திரிச்சாருன்னு நெனச்சியளா? "பாட்டைச் சத்தமாப் பாடுங்க"ன்னாராம். பாடுனாவளாம்!

தெபோராள் விறுவிறுன்னு போயி அந்த வெளக்கை எடுத்தா.

"ஏட்டி, எங்க போற? அந்த நாத்தத்துக்குள்ள போன வெளக்கு திரும்ப இங்க வராது!"ன்னாராம் புருசன்.

"அப்ப நானும் வரல"ன்னாளாம்.

போனா. குடிசை வாசல்லயே வாந்தி எடுத்தா. வாயைத் தொடைச்சா. உள்ள போனா. மறுபடியும் எடுத்தா, மறுபடியும் தொடைச்சா. வெளக்கைத் தூக்கிப் பாத்தா, கலயம் அந்தப் பொம்பள கைக்குப் பக்கத்துலயே இருக்கு! தண்ணி குடுத்தா, கஞ்சி குடுத்தா, கழிஞ்சதெல்லாம் கையாலே அள்ளுனா. அந்தப் பொம்பளையோட புருசன் செத்துட்டான். தாயும் பிள்ளையும் பொழச்சுக்கிட்டாவ.

திரும்பி வந்தா. சபையாளுவ வெளக்கை உள்ள விடல. அந்தக் கல்லு மேல வச்சா. சாகுற வரைக்கும் கல்லுப் பக்கத்துல உக்காந்துதான் செபம் பண்ணுனாளாம்.

அதுல இருந்துதான் இந்த வழக்கம். அசனத்தன்னைக்கு அந்த வெளக்கை, அந்த வருசம் நோயாளியோட அசிங்கத்தைத் தன் கையால அள்ளுனவங்கதான் கொளுத்தணும்.

போன வருசம் என்ன நடந்துச்சு? பாதிரி ஐயரு கூப்பிட்டுப் பாத்தாரு. ஒருத்தரும் அசையல. வீட்டுக்கு வீடு வயசானவிய படுக்கையில கெடக்காவ, வீட்டுக்கு வீடு அள்ளிப்போடச் சம்பளத்துக்கு ஆளு வச்சிருக்கு. பாக்கப் பாக்க அருவருப்பா இருந்துச்சு. கடைசில, காண்ட்ராக்டரோட அம்மாவைச் சம்பளத்துக்குப் பாத்துக்கிட வந்திருக்காளே முப்புடாதி, அவ வந்தா. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, நெத்தியில திருநீறோட, குனிஞ்சு கொளுத்துனா.

நம்ம ஆளுவ என்ன செஞ்சாவ?

பாட்டைச் சத்தமாப் பாடுனாவ.